நாளை மின்தடை

கண்புரை அறுவைக்குப் போன வருஷம் தேதி கொடுத்தார்கள். இடது கண். "ஒரு வாரம் ஸ்கிரீன் பக்கம் போகாதீங்க" என்றார் டாக்டர். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் அந்த ஒரு வாரத்தை மூன்றாக்கி, என் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி எங்கள் செய்தித் தளத்தில் நான் கடைசியாக ஏற்றியது இது: ‘முடிச்சூரில் நாளை மின்தடை’. காலை 9 முதல் பிற்பகல் 2 வரை, எந்தெந்தத் தெரு, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

18 நாள் கழித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தளத்தைத் திறந்தால் முகப்பில் அதே செய்தி அப்படியே நிற்கிறது. ‘முடிச்சூரில் நாளை மின்தடை’. வெளியிட்ட தேதி கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்? 18 நாளும் தினம் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு, மோட்டார் போட்டுத் தொட்டியை ரொப்பி, குக்கரை விடியற்காலையிலேயே ஏற்றி, கரென்ட் போகும் போகும் என்று காத்திருந்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டிருந்தார்: "மேடம், நாளைக்குன்னு போட்டிருக்கீங்களே, அது எந்த நாளைக்கு?"

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ‘உள்ளூர்த் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் தளம்’ என்று என் கையால்தான் எழுதி வைத்திருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் 34 பேர் இருந்தார்கள். அந்த 34 பேரில் ஒருவருக்குக்கூட அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை, அல்லது தோன்றியும் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. தன்னார்வலர்கள் என்று நான் எழுதிய பன்மையில் நான் மட்டும்தான் இருந்தேன், அதுவும் ஒரு கண்ணோடு.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் வந்தால் தாம்பரம் எங்கே முடிகிறது, முடிச்சூர் எங்கே தொடங்குகிறது என்று வீடுகளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காகிதத்தில் மட்டும் கோடு இருக்கிறது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் வந்தது. முடிச்சூர் செங்கல்பட்டுக்குப் போனது, ஒட்டினாற்போல் இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். ஊராட்சியான முடிச்சூர் அப்போது அதில் சேரவில்லை. ஆக, காலை நடை போகிற தூரத்துக்குள் இரண்டு மாவட்டம், ஒரு மாநகராட்சி, இரண்டு ஊராட்சி. பெரிய பத்திரிகையின் சென்னைப் பதிப்புக்கு நாங்கள் செங்கல்பட்டு. செங்கல்பட்டு நிருபருக்கு நாங்கள் சென்னை. அடையாறு என்கிற ஆற்றுக்கு மட்டும் எங்கள் எல்லோரையும் தெரியும், மழை வந்தால் கோடு பார்க்காமல் வரும்.

2015 டிசம்பரில் அப்படித்தான் வந்தது. 2ஆம் தேதி காலை 8.30 வரைக்குமான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். தண்ணீருக்கு முன்னால் வதந்தி வந்தது: "ஏரி உடைஞ்சிடுச்சு, ஓடுங்க." எந்த ஏரி என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மொட்டை மாடியில் நின்று, சார்ஜ் 9 சதவீதம் இருந்த போனில் அந்த மெசேஜைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, உயிர்ப்பயத்துக்கும் முன்னால், ‘இதை யாராவது புரூஃப் பார்த்தார்களா?’ என்பதுதான். தொழில் புத்தி. ஒரு நாளிதழில் 22 வருஷம் பிழை திருத்தினவள் நான். மெய்ப்புத் திருத்துநர் என்று அடையாள அட்டையில் இருக்கும், எல்லோரும் கூப்பிடுவது புரூஃப் ரீடர். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டரே பிழை பார்த்துக்கொள்ளுமாம். அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதை நீங்கள் தினமும் காலையில் காபியோடு படிக்கிறீர்கள்.

தளம் 2016இல் தொடங்கியது. மின்தடை, மழை, கிராமசபை, பள்ளிச் சேர்க்கை, ரேஷன், சுடுகாட்டுப் பாதை, காணாமல்போன நாய். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது ‘முடிச்சூரிலிருந்து அங்கே எப்படிப் போவது’ என்று போட்டோம் பாருங்கள், இன்றுவரை அதற்கு வந்த கூட்டம் வேறு எதற்கும் வரவில்லை. வருஷச் செலவு டொமைனும் ஹோஸ்டிங்கும் சேர்த்து 7,000 ரூபாய்ச் சொச்சம், ஒரு டியூஷன் சென்டரும் ஒரு கண்ணாடிக் கடையும் தரும் விளம்பரத்தில் சரியாகிவிடும். எங்களுக்குப் பஞ்சம் பணத்தில் இல்லை, ஆளில்.

ஆள் பிடிக்க நான் செய்த முதல் காரியம் ஒரு போஸ்டர். ‘நீங்களும் பத்திரிகையாளர் ஆகலாம்!’ ஆச்சரியக்குறி வேறு. இன்று அதைப் பார்த்தால் காது சூடாகிறது. இரண்டு நாளில் குழுவில் 50 பேர் சேர்ந்தார்கள். முதல் வாரம் அறிமுகம், கைகூப்பும் எமோஜி. இரண்டாம் வாரம் காலை வணக்கம், ரோஜாப்பூ. மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் நிலம் விற்கிற விளம்பரம் போட, அதைக் கண்டித்து இன்னொருவர் ஒலிப்பதிவு போட, 16 பேர் வெளியே போனார்கள். மிச்சம்தான் அந்த 34.

அதில் பாதிப் பேர் விஸ்காம் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் வேண்டும். தவறில்லை, காலேஜ் கேட்கிறது. 30 நாளும் நன்றாக வேலை பார்ப்பார்கள், 31ஆம் நாள் சர்டிபிகேட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுக் காணாமல் போவார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இருந்தது. மகள்தான் ஒரு நாள் கேட்டாள்: "சம்பளம் குடுக்க முடியாதவங்க எதுக்கும்மா வேலை வாங்குறீங்க?" உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002இல் பெண்களே சேர்ந்து தொடங்கிய கபர் லஹரியா பத்திரிகையை உதாரணம் காட்டினாள். அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதைச் சம்பளம் வாங்கும் தொழிலாக்கினார்கள், தன்னார்வம் என்று கையைக் கழுவவில்லை என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து படிக்கிற பிள்ளைகள் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒரு செய்தி கொண்டுவந்தால் அதற்குப் பெட்ரோல் காசும் அந்த மாத ரீசார்ஜும் கொடுக்கிறேன். குறைச்சல்தான்.

இன்னொரு வகைத் தன்னார்வலரையும் சொல்லிவிடுகிறேன், ஒரே பத்தியில் போகட்டும். 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, கை உருளை என்று பொதுவாக எதையாவது கொடுப்பார்கள். அதனால் யார் யாருக்கு வேலை பார்க்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. ஒரு தம்பி ஆறு வாரமாக ஓடி ஓடிச் செய்தி கொண்டுவந்தார். எல்லாம் ஒரே தெருவைப் பற்றி, எல்லாவற்றிலும் ஒரே ஆள் பேட்டி. வேட்பு மனு தாக்கல் ஆன அன்றுதான் தெரிந்தது, பேட்டி கொடுத்தவர் தம்பிக்குத் தாய்மாமன். ஆறு செய்தியையும் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று ஒரு குறிப்புப் போட்டேன். தம்பி இப்போதும் வழியில் பார்த்தால் "வணக்கம்க்கா" என்கிறார். நல்ல பையன்தான்.

ஆனால் நான் இழந்தவர்களில் இன்னும் உறுத்துவது ஒரு பெண். இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. கிராமசபைக்குப் போய்வந்து எழுத ஒப்புக்கொண்டார். வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாள் வேலை, அவ்வளவுதான் என்று சொல்லித்தான் அழைத்தேன். முதல் அறிக்கையே அசத்திவிட்டார். எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், வரவு செலவு வாசிக்கும்போது எந்த இடத்தில் சலசலப்பு வந்தது, எல்லாம் இருந்தது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்குத் தானாகவே இருந்தது.

ஒற்றுப் பிழைகூட இல்லாமல் ஒருவர் எழுதிக் கொடுத்தால் எனக்குப் பேராசை வந்துவிடும். ரேஷன் கடையையும் கொஞ்சம் பாரேன் என்றேன். பள்ளிக்கூடப் பக்கம் போகும்போது அந்தச் சத்துணவுக் கூடத்தை ஒரு படம் எடேன் என்றேன். டைப்பிங் வேகமாக இருக்கிறதே, மற்றவர்கள் அனுப்புகிற ஒலிப்பதிவையும் அடித்துக் கொடேன் என்றேன். எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு ராத்திரி 11.40க்குக் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது, அவர் வெளியேறினார் என்று. முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லை.

நான்கு நாள் கழித்து, வெட்கத்தை விட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். காபி போட்டுக் கொடுத்தார். சின்னவன் என் மடியில் ஏறி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க பேரு போன்ல வந்தாலே நெஞ்சு படபடங்குது எனக்கு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாள் வேலைக்கு அழைத்த பெண்ணுக்கு மாசத்துக்கு 40 தடவை போன் செய்திருக்கிறேன்.

இதற்கு நடுவில்தான் மாவுக் கடைச் சண்டை நடந்தது. உண்மையில் எல்லாம் திரும்பியது அங்கேதான், அப்போது எனக்கு அது தெரியவில்லை.

21ஆம் தேதி மின்தடை. தளத்தில் 12 என்று வந்துவிட்டது. அடித்தது யாரோ, பார்த்து ஏற்றியது நான். 22 வருஷம் புரூஃப் பார்த்த கண் இரண்டு எண் இடம் மாறியதை விட்டுவிட்டது (அதனால்தான் கண் டாக்டரிடமே போனேன், அது வேறு கதை). நான்கு தெரு தள்ளி இட்லி மாவு அரைத்து விற்கிற அக்கா ஒருவர் 12ஆம் தேதி கரென்ட் போகும் என்று நம்பி அரிசியே ஊறப் போடவில்லை. கரென்ட் போகவில்லை, வியாபாரம் போனது. 21ஆம் தேதி 20 கிலோ அரிசியை ஊறப் போட்டார். ஒன்பது மணிக்கு கிரைண்டர் நின்றது. மே மாச வெயில். மதியத்துக்குள் அரிசி நாற்றமெடுத்துவிட்டது.

சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் தினசரி காலண்டர். ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார். 12ஆம் தேதித் தாளைத்தான் கிழிக்காமல் வைத்திருந்தார், என்னிடம் காட்டுவதற்காக. அதில் பால்பாயின்ட் பேனாவால் ‘9-2 இல்ல’ என்று எழுதியிருந்தது. 21இல் ‘9.05 போச்சு, 2.40 வந்துச்சு’. "உங்களுக்கு ஒரு நம்பரு. எனக்கு 20 கிலோ" என்றார். அரிசிக்குக் காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "காசு எதுக்கு? சரியாப் போடுங்க" என்றார்.

காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். கிழித்த தாள்களையும் ஒரு கிளிப்பில் கோத்துப் பின்னாலேயே வைத்திருந்தார். மூன்று வருஷத்து மின்தடை, நிமிஷக் கணக்கில். அறிவிப்பில்லாமல் போனது தனியாக, ஒரு சுழியோடு. அவருக்கு அது தொழில் கணக்கு. கரென்ட் எப்போது போகும் என்று தெரியாமல் கிரைண்டர் ஓட்ட முடியாது. மின்தடை பற்றி எங்கள் தளத்திடம் இருந்ததைவிட நல்ல பதிவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ‘பத்திரிகையாளர் ஆகலாம்’ என்று போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மழை சார் வந்ததும் அப்படியே, திட்டிக்கொண்டுதான். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஒரு மழைநாளில் போன் செய்து, பெயர்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார். "ஏம்மா, நேத்து மழை 6 சென்டிமீட்டர்னு போட்டிருக்கியே, எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும்?" ராத்திரி 12 மணிக் கணக்கு என்றேன். "மழைக்கு ராத்திரி 12 மணி கிடையாதும்மா. காலைல எட்டரைலேருந்து மறுநாள் காலைல எட்டரை. வானிலை மையம் அப்படித்தான் எடுக்குது. நீ உன் இஷ்டத்துக்கு நாளை வெட்டினா எதோட எதை ஒப்பிடுவே?"

நேரே போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைப்பு விழாத இடமாகப் பார்த்து, செங்கல் நான்கை அண்டக் கொடுத்து ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில். கழுத்தை அறுத்துத் தலைகீழாகப் புனல் மாதிரி கவிழ்த்திருந்தார். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒரு கோடுவரை முதலிலேயே தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியம் என்று வைத்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டியிருந்தார். 2005 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கியது. லாங் சைஸ் நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம்.

2015 டிசம்பர் 1 எங்கே என்று கேட்டேன். சொல்லாமலே அந்தப் பக்கத்தைத் திறந்தார், அடிக்கடி திறந்து மடங்கிப்போன பக்கம். மற்ற நாளுக்கெல்லாம் ஒரு வரி. அன்றைக்குப் பக்கம் முழுக்க. பாட்டில் வழிந்துவிடக் கூடாது என்று குடை பிடித்துக்கொண்டு ஏறி ஏறி அளந்து கொட்டியிருக்கிறார். மாலை 4.15. மாலை 6. ராத்திரி 7.50. எழுத்து போகப் போகக் கோணலாகிறது, ஈரம் பட்டு மை விரிந்திருக்கிறது. கடைசி வரியில் எண் இல்லை. ‘கீழே தண்ணி வந்துவிட்டது. அளக்க நேரமில்லை.’

அவரிடம் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று நான் கேட்கவில்லை. அந்தத் தப்பை ஒருமுறை செய்தாயிற்று. "காலைல எட்டரைக்கு நோட்டுல எழுதினதும் அந்த நம்பரை மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா சார்?" என்றேன். "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் 8.30க்கு வந்துவிடும். மழை இல்லாத நாளிலும் வரும்: 0. கோடை வெயிலில் இரண்டு மாசம் தொடர்ந்து 0, 0, 0. "மழை இல்லேன்னா அனுப்ப வேணாம் சார்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அனுப்பலேன்னா மழை இல்லையா, நான் இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கறுப்புக் கண்ணாடியோடு அந்த 18 நாள் ‘நாளை’யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த இரண்டு பேரும் ஒன்றாக நினைவுக்கு வந்தார்கள். இருவரும் குழுவில் இல்லை. இருவரும் செய்தியாளர் ஆக ஆசைப்படவில்லை. இருவரும் என்னைத் திட்ட வந்தவர்கள். திட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. "என்னத்தப் போடறீங்க" என்று பொதுவாகத் திட்டுகிறவர் ஒரு ரகம். அவரை விட்டுவிடலாம். "நீங்கள் போட்டது 12, சரியானது 21" என்று கையில் சரியானதை வைத்துக்கொண்டு திட்டுகிறவர் இன்னொரு ரகம். அவர் வீட்டில் நிச்சயம் ஒரு நோட்டு இருக்கும். காலண்டரோ, டைரியோ, பால் கணக்கு அட்டையின் பின்பக்கமோ. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் அதில் எழுதிக்கொண்டுதான் இருப்பார். நம் வேலை அந்த நோட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு குழாய் போடுவது மட்டும்.

அதன் பிறகு போஸ்டர் ஒட்டவில்லை. பழைய புகார்களை எடுத்து வைத்துப் படித்தேன். மூன்று வருஷத்துப் பின்னூட்டம், வாட்ஸ்அப், வந்த போன்களில் நினைவிருந்தவை. தேதியோ எண்ணோ சொல்லிக் குறை சொன்னவர்கள் மொத்தம் 11 பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். "நீங்க அன்னிக்குச் சொன்னது சரி. அதை எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" ஒன்பது பேரிடம் இருந்தது. ஆறு பேர் அனுப்பச் சம்மதித்தார்கள். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு என்றைக்கு வந்தது என்று பால் அட்டையில் குறிக்கும் ஒரு பாட்டி. காலை 6.50 பஸ் எத்தனை மணிக்கு உண்மையில் வருகிறது என்று போனில் குறிக்கும் ஒரு நர்ஸ். தெருவிளக்குக் கம்பத்து எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிற ஒருவர், ஏன் என்று இன்னும் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு 30 வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தகவல் உரிமைச் சட்ட மனு எழுதுவது அவருக்குக் குறுக்கெழுத்துப் போடுவது மாதிரி. நான் முன்பு எழுதிய மனு ஒன்றைக் காட்டினேன். ‘எங்கள் தெருவில் வடிகால் பணி ஏன் பாதியில் நிற்கிறது?’ என்று கேட்டிருந்தேன், பதில் வரவில்லை. படித்துவிட்டுச் சிரித்தார். "ஏன்னு கேட்டா எப்படிம்மா? கோப்புல ‘ஏன்’ இருக்காது. இருக்கறதைக் கேளு. பணி ஆணையோட நகல், அளவுப் புத்தகத்தோட நகல், ஒப்பந்ததாரருக்குப் பட்டுவாடா ஆன தேதி. நகலைப் பார்த்தா ஏன்னு உனக்கே தெரிஞ்சுடும்." 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு, வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மேஜையில் ஒரு கட்டு ஸ்டாம்ப் எப்போதும் இருக்கும். ஒரே நிபந்தனை போட்டார்: தளத்தில் அவர் பெயர் வரக் கூடாது. அவதூறு வழக்கு என்றால் இரண்டு வருஷம் வரை போகும், பென்ஷன்காரன் நான் என்றார். மனுக்கள் என் பெயரில்தான் போகின்றன. சரியான ஏற்பாடுதான், வழக்கு வந்தால் எழுதியவளுக்கு வரட்டும்.

யாரையும் எழுதச் சொல்வதில்லை என்பது இப்போது விதி. "எழுதவெல்லாம் வராதுங்க" என்பதுதான் நான் பத்து வருஷமாகக் கேட்ட பதில். எழுத வேண்டாம், சொல்லுங்கள் என்றால் அரைமணி நேரம் பேசுவார்கள். மாவுக் கடை அக்கா ஒலிப்பதிவில்தான் சொல்வார், பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தத்தோடு. குரலிலிருந்து எழுத்தாக்கும் வசதி அந்தச் சத்தத்தில் ‘கால்வாய்’ என்பதைக் ‘கால் வாய்’ என்று பிரித்துப்போடும், ‘மின்தடை’யை ‘மீன் தடை’ ஆக்கும். மீன் தடையை நான் திருத்துகிறேன். 22 வருஷம் அதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிற நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "2003லேருந்து நாங்க தன்னார்வலர்களை வெச்சுத்தானே ஓட்டறோம், இதென்ன பெரிய விஷயம்" என்றார். பெரிய விஷயம்தான். அங்கே ஒருவர் ஆறு மாசம் காணாமல்போனால் அவர் எழுதிய கட்டுரை அப்படியே இருக்கும், திரும்பி வந்து தொடரலாம். இங்கே ஒரு நாள் ஆள் இல்லாவிட்டால் ‘நாளை’ பொய்யாகிவிடுகிறது. அதனால் ‘நாளை’, ‘இன்று’, ‘வரும் வெள்ளி’ எதுவும் தலைப்பில் வரக் கூடாது, தேதிதான் வர வேண்டும் என்று இன்னொரு விதி. தேதி கடந்த அறிவிப்பு தானாக முகப்பிலிருந்து இறங்கிவிடும்படி பாலிடெக்னிக் தம்பி ஏதோ செய்து வைத்திருக்கிறான்.

அந்தத் தம்பி கதையில் ஒரு பாடு பட்டோம். தளத்தைக் கட்டியது அவன்தான், படிக்கும்போது. டொமைன் அவனுடைய காலேஜ் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. ஒருத்தருக்கும் தெரியாது, அவனுக்கே மறந்துபோயிருந்தது. படிப்பு முடிந்து ஓசூரில் வேலைக்குப் போனான், காலேஜ் மின்னஞ்சலை மூடிவிட்டார்கள், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கிணற்றில் விழுந்தன. ஒரு திங்கட்கிழமை காலை தளத்துக்குப் போனால் ஏதோ கம்பெனியின் விளம்பரம். திரும்ப வாங்க மூன்று நாள் ஆனது. ஓடிபி அவன் பழைய சிம்முக்குப் போக, அந்த சிம் அவன் பாட்டியின் பட்டன் போனில் இருக்க, பாட்டிக்கு ஆறு எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல வைத்து... முடிந்தது. இன்றைக்கு டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் மூன்றும் மூன்று பேர் கையில். கடவுச்சொல் உறையில் போட்டு என் அரிசி டப்பாவுக்குள். எந்த டப்பா என்று மகளுக்குத் தெரியும்.

கூட்டம் போடுவதில்லை. குழுவைக் கலைத்துவிட்டேன், ரோஜாப்பூக்களுக்கு நன்றி சொல்லி. ஒருவருக்கு ஒரு நோட்டு, அதற்கு மேல் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இன்னொன்று கேட்பதில்லை. நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன். இரண்டு பிள்ளைகளின் அம்மா திரும்ப வரவில்லை. போன அக்டோபர் 2 கிராமசபையில் முன் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். போன் செய்யவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பெருங்களத்தூர்ப் பக்கம் யாரும் இல்லை. ஆறு பேரில் நாலு பேர் 60 தாண்டியவர்கள், மழை சாருக்கு மாடி ஏற முழங்கால் வலிக்கிறது. கீழ்வீட்டுப் பையனுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறாராம். "சுழியக் கோடு எதுன்னு மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடலை" என்கிறார்.

அடுத்த மாசம் எனக்கு வலது கண். இந்த முறை யார் என்ன பார்த்துக்கொள்வது என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, மகள் பீரோச் சாவியை எடுத்துக்கொண்டு வரத் தயார். மாவுக் கடை அக்காவிடம் தேதியைச் சொன்னேன். காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் கரென்ட் இருக்கா, பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.